முதன்மைக் கிளையில் என் பெயர்

வடமுனைப் பனி நிலையம், செவ்வாய்
மௌனம், முதல் நாள். காலை 8:20
கமிட் செய்தி: வழக்கமான பதிவு

வெளி வெப்பநிலை மைனஸ் எழுபத்தொன்று. துளைப்பான் சீராக ஓடுகிறது. நேற்று எடுத்த பனித்தண்டு இரண்டு மீட்டர், நடுவில் ஒரு விரல் தடிமனுக்குப் புழுதிப் படலம். நிலையத்துக்குள் கரியமில வாயு 0.4 சதவீதம். ஈரப்பதம் வழக்கம்போல ஏறி இறங்குகிறது. கோடை என்பதால் இங்கே சூரியன் மறைவதில்லை.

பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்துவிட்டது. இன்று தொடங்கி இரண்டு வாரத்துக்குப் பூமியோடு பேச முடியாது. இதைத்தான் மௌனம் என்கிறோம். இந்தக் காலத்தில் கிரகத்தில் இரண்டே பேர்தான். நான், ஞானதிரவியம், வயது ஐம்பத்தொன்று, பனி ஆராய்ச்சி. தெற்கு முகாமில் ஆயிஷா சித்தீகா, இயந்திரப் பொறியாளர், காயல்பட்டினத்துப் பெண். எனக்கு ஊர் பக்கத்திலேயே ஆறுமுகநேரி என்பதால் முதல் நாளே என்னை அண்ணாச்சி ஆக்கிவிட்டாள். கிரகத்தைச் சுற்றிவரும் சுற்றுக்கலம் தலைக்கு மேல் வரும்போது மட்டும் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். இங்கே காற்றைச் சுத்தம் செய்யும் கருவிகளை ஓட்டுவது 'மூச்சு' என்ற கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அதைப் பராமரிப்பவர் ஈரோட்டிலிருக்கும் கோகிலவாணி. திருத்தங்கள் நேராக முதன்மைக் கிளைக்குள், அதாவது எல்லா நிலையங்களும் ஓட்டும் பதிப்புக்குள், போகாது. தனிக் கிளையில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் பார்த்துச் சரி என்றால் முதன்மையில் சேர்ப்பார், சேர்ந்ததும் எழுதியவர் பெயர் பங்களிப்பாளர் பட்டியலில் ஏறும். முதன்மையின் நகல் சுற்றுக்கலத்தில் இருக்கிறது. இரண்டு நிலையங்களும் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து புதிய பதிப்பைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த நாட்குறிப்பும் பயிற்சிக்காக, மாற்றங்களையெல்லாம் வரிசையாகச் சேர்த்துவைக்கும் அப்படியொரு களஞ்சியத்தில்தான் எழுதப்படுகிறது. ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். அதாவது எழுதியது இது, எழுதியவர் இவர், காரணம் இது என்று முத்திரை குத்தி வைப்பது. பிற்பாடு மாற்றலாம், ஆனால் மாற்றியதும் தெரியும். இதுவும் கோகிலவாணியின் யோசனை.

அவருக்கு என் மகள் வயது. என் திருத்தத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

மௌனம், முதல் நாள். காலை 11:35
கமிட் செய்தி: சரி

என் திருத்தம் சின்னது. இங்கே பனி உருக்கும்போது ஈரப்பதம் ஏறுகிறது, உடனே கரியமில வாயு அலாரம் பொய்யாக அலறுகிறது. அளவு கூடிய கணமே கத்தாமல், ஆறு மணிநேரச் சராசரியைப் பார்த்துக் கத்து என்று மாற்றினேன். அதோடு கையோடு கையாக வேறு மூன்று இடத்திலும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். கமிட் செய்தியில் 'சரி செய்தேன்' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது.

முதல் முறை திருப்பி அனுப்பியபோது கோகிலவாணியின் குரல் செய்தி இது:

"சார், ஒரு கமிட்டுல ஒரு வேலைதானுங்க பண்ணோணும். நாலையும் ஒண்ணாக் கட்டிட்டா நாளைக்கு ஒண்ணு மட்டும் தப்புன்னா எப்படிங்க பிரிக்கறது? அப்புறம் 'சரி செய்தேன்'னா என்னத்த, எதுக்குன்னு எழுதுங்க. தெரியலைன்னா கேளுங்க சார், நான் ஒண்ணும் சிரிக்க மாட்டேனுங்க."

சிரிக்க மாட்டேன் என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் நாலையும் பிரிக்கச் சொன்னார், அதோடு இந்தச் சராசரி வடமுனைக்கு மட்டும்தான் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார், மௌனம் முடிந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த நிலையத்தில் எனக்கு முன் இருந்த ஐந்து பேரின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. என் பெயருக்கு மட்டும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டுமாம்.

மௌனக் காலத்தில் பூமியால் எதையும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் உயிருக்கு ஆபத்து வந்தால் பயன்படுத்த, நிலையத்தில் இருப்பவர்களுக்கு முதன்மைக் கிளையைத் திறந்தே வைத்துவிட்டுப் போவார்கள். ஆபத்து இல்லாமல் அதில் யாரும் கை வைப்பதில்லை. அது விதி அல்ல, வழக்கம்.

இன்று காலை கை வைத்தேன். ஒரு பொய் அலாரம் நிற்பதால் யார் குடியும் முழுகிவிடாது என்பது என் எண்ணம்.

முதலில் புஷ், அதாவது என் நகலை மேலே அனுப்புவது, ஏற்கப்படவில்லை. முதன்மை உன் நகலைவிட முன்னால் இருக்கிறது, முதலில் அங்கிருப்பதை உன் நகலுக்கு இழுத்துக்கொள் என்று வந்தது. இழுத்தேன். மோதல் என்றது. கோகிலவாணி கடைசியாகத் திருத்திய அதே கோப்பை நானும் திருத்தியிருந்தேன், எந்த வரி நிற்க வேண்டும் என்று நானே முடிவுசெய்ய வேண்டுமாம். திரை முழுக்க அம்புக்குறியும் சமக்குறியும். ஒன்றும் விளங்காமல் இழுத்ததை ரத்து செய்தேன். எப்போதோ யாரோ எழுதிய உதவிக் குறிப்பில் 'வலுக்கட்டாயமாக' அனுப்பும் கட்டளை ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

பட்டியலின் கடைசியில் என் பெயர் இருக்கிறது. மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

மௌனம், இரண்டாம் நாள். காலை 9:05
கமிட் செய்தி: வழக்கமான பதிவு

துளைப்பானின் முனை தேய்ந்திருந்தது, மாற்றினேன். அலாரம் நேற்றுப் பகலிலிருந்து ஒரு தடவைகூட அடிக்கவில்லை. நிம்மதியான நிலையம்.

காலைச் சுற்றில் ஆயிஷா:

"அண்ணாச்சி, பேரப் பாத்தேன். பட்டியல்ல கடைசில ஞானதிரவியம்னு போட்டிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியளா. இனிமே இங்க மூச்சுல ஏதாச்சும் கோளாறுன்னா கோகிலவாணிக்காவக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், ஒங்களயே கேட்டுக்கிடுதேன்."

கேலிதான். என்றாலும் எனக்குப் பூரிப்பாக இருந்தது. அதெல்லாம் சின்ன வேலை என்று தன்னடக்கமாகப் பதில் அனுப்பினேன்.

மௌனம், இரண்டாம் நாள். மாலை 4:40
கமிட் செய்தி: மாற்றங்கள்

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் என் பெயரைப் பார்க்கப் போனேன். இந்த முறை பழைய கமிட்டுகளின் வரிசையையும் பார்த்தேன். என் கமிட்டுக்குக் கீழே கோகிலவாணியின் கடைசிக் கமிட் இருக்க வேண்டும். இல்லை. அதற்கு முந்தைய வாரத்துக் கமிட்தான் இருந்தது.

வலுக்கட்டாயமாக அனுப்புவது என்றால், அங்கே இருப்பதோடு என்னுடையதைச் சேர்ப்பது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அங்கே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு என் நகலை வைப்பது. அவர் எழுதிய நாளுக்கு முந்தைய நகல் என்னுடையது.

அவருடைய கமிட் செய்தி மட்டும் எனக்கு அஞ்சலில் வந்திருந்தது. அப்போது முதல் வரியைப் பார்த்துவிட்டு நமக்குச் சம்பந்தமில்லை என்று மூடியிருந்தேன். இப்போது முழுவதும் படித்தேன். தெற்கு முகாமின் சுத்திகரிப்பானில் இரண்டு வால்வுகள். ஒன்று மூடும்போது மற்றது திறக்க வேண்டும். புழுதி ஏறியதால் சில சமயம் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன, காற்று சுத்தமாவது நின்றுவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் திருத்தம். கடைசியில் ஒரு வரி: திருத்தம் இல்லாத நேரத்தில் இப்படி ஆனால், சுத்திகரிப்பானின் பக்கத்திலிருக்கும் சிவப்புக் கைப்பிடியைக் கையால் திருப்பினால் போதும்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெற்கு முகாம் என் பதிப்பை எடுத்துக்கொண்டுவிட்டது. அதில் வால்வுத் திருத்தம் இல்லை. அலாரமோ ஆறு மணிநேரம் யோசித்துவிட்டுத்தான் அடிக்கும். வடமுனைக்கு மட்டும் என்ற அந்த ஒரு வரியை நான் சேர்க்கவே இல்லை.

காது மடல் சுட்டது. தனியாக உட்கார்ந்திருக்கிறேன், சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை, இருந்தாலும் எழுந்து நின்றுவிட்டேன்.

மௌனம், இரண்டாம் நாள். மாலை 6:15
கமிட் செய்தி: மாற்றங்கள் 2

இதை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கேவலம்.

முதன்மை கெட்டுப்போனது தெரிந்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஆயிஷா அல்ல. மௌனம் முடிந்ததும் கோகிலவாணி இதைப் பார்ப்பாரே என்பதுதான் தோன்றியது. என் கணினியில் குழம்பிக் கிடந்த கோப்புறையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ரத்து செய்த இழுப்பு, அம்புக்குறிகள், நான் தடுமாறிய தடமெல்லாம் அதில் இருந்தது. முழுக் கோப்புறையையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். சுற்றுக்கலத்திலிருந்து புதிதாக ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். இனி நிதானமாகச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கையேட்டைத் திறந்தேன். நான் இங்கே வந்த முதல் வாரமே கோகிலவாணி அனுப்பியது. தொடங்குபவர்களுக்கு என்று தலைப்பு இருந்ததால் படிக்காமல் வைத்திருந்தேன். ஏழாம் பக்கத்தில் இருக்கிறது: நீங்கள் இழுத்தவை, பிறகு ரத்து செய்தாலும், உங்கள் கணினியில் பல நாள் பத்திரமாக இருக்கும். எதையாவது கெடுத்துவிட்டதாகத் தோன்றினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். கோப்புறையை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அந்தத் திருத்தம் என் கணினியில் முழுசாக இருந்திருக்கிறது. வலுக்கட்டாயமாக அனுப்பிய பிறகும் இருந்தது. ஒரு மணிநேரத்துக்கு முன்பு வரை இருந்தது. மானத்தைக் காப்பாற்றப் போய் நானே என் கையால் அதை அழித்தேன்.

வேறு எங்கே இருக்கும் என்று தேடினேன். சுற்றுக்கலத்தில் இடம் குறைவு, எந்தக் கிளையிலும் இல்லாததை அன்றன்றே துடைத்துவிடும். நிலையங்கள் கடைசிப் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும், வரலாற்றை வைத்துக்கொள்ளாது. ஈரோட்டில் இருக்கிறது. ஈரோடு சூரியனுக்குப் பின்னால் இருக்கிறது.

மௌனம், மூன்றாம் நாள். காலை 9:10
கமிட் செய்தி: தெற்கு முகாம்

காலைச் சுற்று. ஆயிஷா:

"அண்ணாச்சி, காலைல கொஞ்ச நேரம் அலாரம் அடிச்சிது, பொறவு நின்னு போச்சி. எனக்கு எந்திரிச்சதுலருந்து தலை வலிக்கி. கருவியில 1.3ன்னு காட்டுது. மூச்சுல ஏதும் கோளாறா? நீங்கதான் இப்போ அதுல ஆளாச்சே, சொல்லுங்க."

சுற்றுக்கலம் கடக்கப் பதினோரு நிமிடம். ஒரே வாக்கியம் போதும். சிவப்புக் கைப்பிடியைத் திருப்பு.

அதைச் சொன்னால் ஏன் என்பாள். வால்வுக்குத்தான் திருத்தம் வந்துவிட்டதே என்பாள். அவளுக்காகத்தான் அந்தத் திருத்தமே எழுதப்பட்டது. அப்புறம் நான் சொல்ல வேண்டும். என் பெயரைப் பார்க்கிற ஆசையில் உன் மூச்சுக்கான திருத்தத்தை எடுத்து எறிந்தேன், அப்புறம் அதையும் மறைக்கப் பார்த்தேன் என்று. 1.3 சதவீதத்தால் யாரும் சாக மாட்டார்கள். அந்தத் திருத்தத்தை நானே திரும்ப எழுதிப் பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிடலாம், சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

நான் அனுப்பியது இது. அப்படியே எழுதுகிறேன்:

"அது ஒண்ணுமில்லம்மா. ஈரப்பதம் ஏறுனா அந்த அலாரம் பொய்யா அடிக்கும், இங்கயும் அப்படித்தான். அடிச்சா நிறுத்திரு. நீ நல்லாத் தண்ணி குடிச்சிட்டு கொஞ்சம் படு."

"சரி அண்ணாச்சி," என்றாள்.

மௌனம், மூன்றாம் நாள். பகல் 12:30
கமிட் செய்தி: முடியவில்லை

எழுதினேன். என் நிலையத்து வால்வுகள் வேறு மாதிரி, அதனால் போலி வால்வுகளை வைத்துச் சோதித்தேன். முதல் சோதனையில் இரண்டும் திறந்தே நின்றன. அதைச் சரிசெய்தேன். அடுத்ததில் இரண்டும் மூடிக்கொண்டன. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. சரியாக ஓடாத ஒன்றை அனுப்பும் தைரியம் மட்டும் எனக்கு வரவில்லை. முதல் நாளே இந்தப் பயம் வந்திருக்க வேண்டும்.

பனியைப் பற்றி இருபத்தாறு வருடம் பாடம் எடுத்தவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மாணவனைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று மேடையில் பேசியிருக்கிறேன்.

மௌனம், மூன்றாம் நாள். மாலை 5:20
கமிட் செய்தி: சொல்ல முடிவு செய்தேன்

சுற்றுக்கலம் வரும்போதெல்லாம் தெற்கு முகாமின் அளவுகள் தாமாகவே எனக்கு வரும். மாலைச் சுற்றில் 2.2. காலையிலிருந்து காற்று சுத்தமாகவே இல்லை.

சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். குரல் வழியில் பதில் இல்லை. அவள் அனுப்பி வைத்திருந்த செய்தி மட்டும் வந்தது:

"அண்ணாச்சி, நீங்க சொன்னாப்ல தண்ணி குடிச்சேன். வலி விடல. வாந்தி வர்ற மாதிரி இருக்கி. படுக்கேன். நீங்க பாத்துக்கிடுறியன்னு ஒரு தைரியம்."

நான் அனுப்பிய செய்தி: "ஆயிஷா, தப்பு என்மேலதான். ஒனக்கு வந்த வால்வுத் திருத்தத்த நாந்தான் அழிச்சுட்டேன். காலைல சொன்னது பொய். எந்திரிச்சு சுத்திகரிப்பானுக்குப் பக்கத்துல இருக்கிற சிவப்புக் கைப்பிடியத் திருப்பு. இத நீ பாத்தா ஒடனே திருப்பு, மத்தத பொறவு பேசிக்கிடலாம்."

மூன்று தடவை அனுப்பினேன். சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. காலையில் அவள் விழித்திருந்தாள், கேட்டுக்கொண்டிருந்தாள், பதினோரு நிமிடம் இருந்தது.

அடுத்த சுற்றில் அறிக்கை: கரியமில வாயு 2.7. படிக்காத செய்திகள்: மூன்று.

மௌனம், நான்காம் நாள். காலை 11:45
கமிட் செய்தி: 'ஆறு மணிநேரச் சராசரி' கமிட்டைத் திரும்பப் பெறுகிறேன். காரணம்: தெற்கு முகாமில் அலாரத்தைத் தாமதப்படுத்துகிறது, அங்கே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து. வால்வுத் திருத்தம் இதனால் திரும்பி வராது. தவறு: ஞானதிரவியம்

காலை அறிக்கை 3.6. செய்திகள் படிக்கப்படவில்லை. இந்த அளவில் மூச்சு வாங்கும், தூக்கம் அழுத்தும், யோசனை மங்கும் என்று மருத்துவக் குறிப்பு சொல்கிறது. அவளை யாராவது எழுப்ப வேண்டும். அவள் கட்டிலுக்கு மேலேயே அலாரத்தின் சைரன் இருக்கிறது. என் திருத்தத்தில் அது சராசரி எல்லையைத் தாண்டும்போது ஒரு தடவை மட்டும் அடித்து ஓய்ந்துவிடும், அதனால்தான் நேற்றுக் காலைக்குப் பிறகு அடிக்கவில்லை. சராசரி போய்விட்டால் அது பன்னிரண்டு மணிக்கே அடிக்கும்.

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துச் செய்தேன். முதலில் இழுத்தேன். தனிக் கிளை ஒன்று தொடங்கினேன். என் கமிட்டைத் திரும்பப் பெறும் கட்டளையைக் கொடுத்தேன். அது எதையும் அழிப்பதில்லை. நான் செய்தது வரலாற்றில் அப்படியே நிற்கும், அதன்மேல் அதற்கு எதிரான ஒரு கமிட் சேரும். கோகிலவாணி நாலையும் பிரிக்கச் சொன்னது இதற்குத்தான். பிரிக்காததால் மற்ற மூன்றும் சேர்ந்து போயின, போகட்டும். என் நிலையத்தில் ஓட்டிப் பார்த்தேன். கருவிக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்தேன், சைரன் காதைப் பிளந்தது. கமிட் செய்தியை என்னத்தை, எதற்கு, யாருக்கு என்று எழுதினேன். முதன்மையில் சேர்த்து, வலுக்கட்டாயம் இல்லாமல் அனுப்பினேன். ஒரே முறையில் ஏற்றுக்கொண்டது.

மொத்தம் இருபது நிமிட வேலை. கேட்டிருந்தால் கோகிலவாணி பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார், சிரித்திருக்கவும் மாட்டார்.

மௌனம், நான்காம் நாள். பகல் 12:50
கமிட் செய்தி: தெற்கு முகாம் அறிக்கை, வந்தது வந்தபடி

புதிய பதிப்பு: ஏற்கப்பட்டது, 12:00.
அலாரம்: ஒலிக்கிறது, 12:01.
கரியமில வாயு: 4.1.
சிவப்புக் கைப்பிடி: திருப்பப்படவில்லை.
படிக்காத செய்திகள்: மூன்று.

அடிக்கிறது. எழுந்துவிடுவாள். எழுந்ததும் திரையைப் பார்ப்பாள், முதலில் என் செய்திதான் இருக்கும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அண்ணாச்சி என்று இனி ஒருபோதும் கூப்பிட வேண்டாம். எழுந்து நின்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று தெரியவில்லை.

மௌனம், நான்காம் நாள். பிற்பகல் 2:55
கமிட் செய்தி: வந்தது வந்தபடி

அலாரம்: கையால் நிறுத்தப்பட்டது, 12:58.
கரியமில வாயு: 4.7.
சிவப்புக் கைப்பிடி: திருப்பப்படவில்லை.
படிக்காத செய்திகள்: மூன்று.
குரல் செய்தி: ஒன்று.

நாக்கு குழறுகிறது, நடுநடுவே மூச்சு வாங்குகிறது. கேட்டதை எழுதுகிறேன்:

"அண்ணாச்சி... அந்தப் பொய் அலாரம் மறுபடியும் அடிச்சிது. ரொம்ப நேரம். பயந்துட்டேன்... பொறவு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சி. நிறுத்திட்டேன். கண்ணத் தொறக்க முடியல. கொஞ்சம் தூங்கிட்டு பேசுதேன் என்ன..."

மௌனம், நான்காம் நாள். மாலை
கமிட் செய்தி:

கரியமில வாயு 5.4. செய்திகள் படிக்கப்படவில்லை.

நிறுத்த முடியாத சைரன் ஒன்று எழுதி முடித்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. தனிக் கிளை, ஒரே வேலை, ஒழுங்கான செய்தி. தெற்கு முகாம் அதை நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் எடுக்கும். அந்த நேரத்தை இங்கிருந்து மாற்ற முடியாது, மாற்றிப் பார்த்தேன்.

கோகிலவாணிக்கு. பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்காதீர்கள். இந்த நாட்குறிப்பில் ஒரு கமிட்டையும் அழிக்காதீர்கள். மூன்றாம் நாள் காலைப் பதிவை நேற்று ஒரு தடவை மாற்றி எழுதினேன், நான் சொன்ன பொய்யை எடுத்துவிட்டு. பிறகு திரும்பப் போட்டேன். இரண்டுமே வரலாற்றில் இருக்கும், பாருங்கள்.

சுற்றுக்கலம் வந்துவிட்டது. கூப்பிடுகிறேன். குரல் வழி திறந்திருக்கிறது, அவள் அறையின் ஒலி கேட்கிறது, மின்விசிறிச் சத்தம், மூச்சு, இடைவெளி விட்டு விட்டு. பேசுவதையே தட்டச்சும் செய்கிறேன்.

"ஆயிஷா. எந்திரிம்மா. சிவப்புக் கைப்பிடி. ஆயிஷா, அலாரம் பொய் சொல்லல. நாந்தாம்மா"